ஸ்கேலிங் செய்தால் பல் ஆடுமா?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 47. ஒரு வருடமாகப் பல் விளக்கும்போதெல்லாம் ரத்தம். காலையில் எழுந்தால் வாய் நாற்றம், பக்கத்தில் உட்கார்ந்து பேசவே கூச்சமாக இருக்கிறதாம். கீழ் முன்பல் இரண்டு லேசாக ஆடுகின்றன. சுகர் ஆறு வருடமாக இருக்கிறது, பிரஷருக்கும் மாத்திரை. மெடிக்கலில் சொல்லி வாங்கிய மாத்திரையையும் ஈறில் தடவும் ஜெல்லையும் போட்டால் நாலு நாள் அடங்குகிறது, மறுபடி வந்துவிடுகிறது. “க்ளீன் பண்ணினா இருக்கிற பல்லும் ஆடிப்போகும், என் மச்சானுக்கு அப்படித்தான் ஆச்சு. பேசாம அந்த ரெண்டையும் எடுத்துடலாமா?” என்பது கேள்வி.

ஆடாது. பல் ஆடுவது அதைப் பிடித்திருக்கும் எலும்பு குறைந்ததால். எலும்பு குறைந்தது ஈறுக்கு அடியில் பல வருடமாகச் சேர்ந்த அழுக்காலும், அது கல் போல இறுகிய காரையாலும். நீங்கள் க்ளீன் என்று சொல்லும் ஸ்கேலிங் அந்தக் காரையைத்தான் எடுக்கிறது. ஆனாலும் உங்கள் மச்சான் பொய் சொல்லவில்லை, அவருக்கு நடந்ததைத்தான் சொல்கிறார். கடலூரிலும் புதுவையிலும் ஈறு நோயாளிகளைப் பார்க்கிற எனக்கு இந்தக் கதை வாராவாரம் காதில் விழுகிறது. அதனால் முதலில் அதையே விளக்கிவிடுகிறேன்.

நாக்குக்கு அடியில் எச்சில் வந்து விழும் துவாரத்துக்கு நேர் எதிரே இருப்பவை கீழ் முன்பற்கள். எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அங்கே சீக்கிரம் படியும். மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும் இதே கதைதான், அங்கே வேறொரு எச்சில் சுரப்பியின் வாய் திறக்கிறது. கீழ் முன்பல்லின் பின்பக்கம் கண்ணாடியில் தெரியாது. நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று பட்டால் அது காரை. வருடக்கணக்கில் விட்டால் ஆறு பல்லுக்கும் பின்னால் ஒரே சுவராக ஒட்டிவிடும். அந்தச் சுவரே பற்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியும் வைத்துவிடுகிறது. உள்ளே எலும்பு பாதி போயிருந்தாலும் வெளியே ஆட்டம் தெரியாது. ஸ்கேலிங் முனை பட்டதும் அது துண்டு துண்டாக உடைந்து ஸ்டீல் தட்டில் ‘டக்’கென்று விழும். மேலே இருந்தது மஞ்சளாகவும், ஈறுக்கடியில் இருந்தது கரும்பழுப்பாகவும் இருக்கும். கட்டி வைத்திருந்தது போனதும் பல்லின் உண்மையான நிலை அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். வீங்கியிருந்த ஈறும் சில நாளில் வற்றிச் சுருங்கும், அப்போது பல் இடுக்கில் சந்து தெரியும். வேர் கொஞ்சம் வெளியே வருவதால் ஐஸ் தண்ணீர் பட்டால் கூசும். இத்தனையும் ஸ்கேலிங் செய்த வாரத்திலேயே நடப்பதால் பழி ஸ்கேலிங் மேல் விழுகிறது. கூச்சம் பெரும்பாலும் சில வாரத்தில் குறைந்துவிடும். வீக்கம் வற்றியபின் லேசாக ஆடிய பல் கொஞ்சம் இறுகுவதும் உண்டு. அதை யாரும் ஊரில் சொல்லிக்கொண்டு திரிவதில்லை!

இனி ரத்தத்துக்கு வருவோம். பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் தினமும் ஒரு பிசுபிசுப்பான படலம் படிகிறது. அது வெறும் சாப்பாட்டுத் துணுக்கு இல்லை, கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குடித்தனம் நடத்தும் படலம். கொப்பளித்தால் போகாது, தேய்த்தால்தான் போகும். போகாவிட்டால் உடம்பு அந்த இடத்துக்கு ரத்த ஓட்டத்தை அதிகப்படுத்துகிறது, ஈறு சிவக்கிறது, தொட்டால் கசிகிறது. 1965ல் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் டென்மார்க்கில் 12 பேரைப் பல் விளக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போல ஆனதும் சரியாகிவிட்டது. ரத்தம் வருகிற இடத்தில் பிரஷ்ஷை வைக்கப் பயந்து விலக்கிக்கொண்டு போவதுதான் நம் ஆட்கள் பலரும் செய்வது. செய்ய வேண்டியது நேர் எதிர். ரத்தம் வரும் இடம்தான் பிரஷ் சரியாகப் படாத இடம். மெதுவான நார் கொண்ட பிரஷ்ஷால் அங்கேதான் கூடுதலாகத் தேய்க்க வேண்டும்.

இந்தக் கட்டம் வரை முழுக்கத் திரும்பக் கூடியது. அடுத்த கட்டம் அப்படி இல்லை. அழற்சி உள்ளே இறங்கி, பல் வேரை எலும்போடு பிணைக்கும் நார்களை அழித்து, எலும்பையும் கரைக்கத் தொடங்குகிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் பை போல ஒரு பள்ளம் உண்டாகிறது. அதற்குள் பிரஷ் எட்டாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் நடுவே கரையைக் கடந்த பிறகு, வேர்ப்பக்கம் மண் அரித்துப்போய் மரம் மட்டும் நின்றதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தில் ஒரு குறையும் இருக்காது, கையால் தள்ளினால் ஆடும். ஈறு நோயில் விழும் பல்லும் அப்படித்தான், சொத்தை ஒன்றும் இருக்காது. “நல்ல பல்லுங்க, அப்படியே கழண்டு வந்துடுச்சு” என்று சொல்லிக் கையில் கொண்டுவந்து காட்டுவார்கள்.

இதில் பெரிய சங்கடம், வலி இல்லாதது. சொத்தைப் பல் ராத்திரி தூங்கவிடாது, ஆளை டாக்டரிடம் துரத்தும். ஈறு நோய் துரத்தாது. எனவே வலியை வைத்து இதை முடிவு செய்ய முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். ப்ரோப் என்று மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது, மில்லிமீட்டர் கோடு போட்டது. ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் மெல்ல விட்டுப் பார்த்து, “மூணு, ரெண்டு, ஆறு” என்று டாக்டர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்வார். 1 முதல் 3 வரை சாதாரணம். 4 என்றால் கவனம். 6, 7 என்றால் எலும்பு போயிருக்கும் வாய்ப்பு அதிகம், எக்ஸ்ரேயில் அது தெரியும். உங்களுக்கு இதுவரை யாரும் இப்படி அளந்து பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. என் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: அளவு எழுதாமல் ‘எடுத்துடலாம்’ என்றோ ‘ஒண்ணுமில்ல’ என்றோ யார் சொன்னாலும், நான் உட்பட, நம்ப வேண்டாம்.

“எங்க தாத்தா உமிக்கரியில தேச்சு எண்பது வயசுல கரும்பு கடிச்சார்” என்று சர்க்கரை ஆலை இருக்கிற உங்கள் ஊர்ப் பக்கம் அடிக்கடி சொல்வார்கள். உண்மையாக இருக்கலாம். அதே லோவின் குழு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் 480 பேரை 1970 முதல் 15 வருடம் பின்தொடர்ந்தது. பல் மருத்துவமோ பிரஷ்ஷோ இல்லாதவர்கள். காரையும் ஈறு அழற்சியும் ஏறக்குறைய எல்லோருக்கும் இருந்தன. ஆனால் 11 சதவீதம் பேருக்கு நோய் ஈறு அழற்சியைத் தாண்டவே இல்லை, 81 சதவீதம் பேருக்கு நிதானமாக முற்றியது, 8 சதவீதம் பேருக்கு மளமளவென்று எலும்பு கரைந்தது. ஒரே அழுக்கு, மூன்று விதமான முடிவு. தாத்தா அந்த 11ல் இருந்திருப்பார். நீங்கள் எதில் என்பதை உடம்பு வாகும், சுகரும், புகையிலையும் முடிவு செய்கின்றன.

உங்கள் விஷயத்தில் சுகர்தான் பெரிய புள்ளி. கட்டுப்படாத சுகரில் கிருமியை எதிர்க்கும் செல்கள் சரியாக வேலை செய்யாது, அழற்சி தேவைக்கு மேல் நீடிக்கும், புண் ஆறத் தாமதமாகும். திருப்பிப் பார்த்தாலும் அதுவே உண்மை. ஈறில் இருக்கும் அழற்சி ரத்தத்தில் கலந்து இன்சுலின் வேலையைக் கெடுக்கிறது. ஈறு சிகிச்சை முடிந்து மூன்று நாலு மாதத்தில், மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 புள்ளி போலக் குறைவதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அதற்காக மாத்திரையை விட்டுவிடக் கூடாது. ஆனால் மாத்திரை கூட்டியும் சுகர் இறங்கவில்லை என்று அலைகிறவர்கள் ஒருமுறை வாயையும் காட்டுவது நல்லது. இப்போது ஈறு நோயை வகைப்படுத்தும்போது எச்பிஏ1சி 7 அல்லது அதற்கு மேல் இருந்தாலே வேகமாக முற்றக்கூடிய வகையில் சேர்க்கிறோம். ஒரு நாளைக்கு 10 சிகரெட்டும் அதற்கு மேலும் பிடிப்பவர்களும் அதே வகைதான்.

சிகரெட்டில் ஒரு தந்திரம் இருக்கிறது. நிகோடின் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் ரத்தம் குறைவாகவே வரும். ஈறு வெளிறி, நன்றாக இருப்பது போலத் தெரியும், உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும். விட்ட சில வாரத்தில் ரத்தம் வர ஆரம்பித்ததும் “விட்டதாலதான் ரத்தம் வருது” என்று மறுபடி பற்றவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிக்கொள்ளும் புகையிலை வேறு மாதிரி. வைக்கிற இடத்தில் ஈறு கீழே இறங்கி வேர் நீளமாகத் தெரியும், அந்த இடம் வெள்ளையாகத் தடிக்கும். ராத்திரி ஷிஃப்ட்காரர்களிடமும் லாரி ஓட்டுபவர்களிடமும் இது அதிகம். அந்த வெள்ளைத் திட்டை ஈறு நோய் என்று விட்டுவிடாமல் காட்டிவிட வேண்டும், புற்றுநோயாக மாறக்கூடியவை அவற்றில் உண்டு. நீங்கள் இரண்டையும் குறிப்பிடவில்லை. இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், மறைத்தாலும் பல்லில் தெரியும்.

பிரஷர் மாத்திரை எது என்று எழுதவில்லை. அம்லோடிபின், நிஃபெடிபின் வகையாக இருந்தால் சிலருக்கு ஈறு பருத்துப் பல்லின் மேல் ஏறி வளரும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயினும் அப்படிச் செய்யும். அழுக்கு அதிகம் இருந்தால் வளர்ச்சியும் அதிகம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொன்னால் வேறு வகைக்கு மாற்ற வழி உண்டு. வீட்டில் கர்ப்பிணிகள் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை. அந்த மாதங்களில் ஹார்மோனால் ஈறு சுலபமாக வீங்கும், ஸ்கேலிங் செய்துகொள்ளலாம், நடு மூன்று மாதங்கள் வசதி. பிள்ளைக்கு ஆகாது என்று பிரசவம் வரை தள்ளிப்போட வேண்டியதில்லை.

மெடிக்கல் கடை மாத்திரை ஏன் நாலு நாளில் தோற்கிறது? கிருமிகள் படலமாக ஒட்டியிருக்கின்றன, காரை அவற்றுக்கு வீடு. ரத்தத்தில் போகும் மருந்து மேலோட்டமாகக் கொஞ்சத்தைக் கொல்லும், வீக்கம் வற்றும், வீடு அப்படியே இருக்கும். பிறகு மறுபடி பெருகும். கடையில் கொடுக்கும் இந்த மாத்திரையில் பெரும்பாலும் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் இருக்கும். அதைச் சாப்பிடும் நாட்களில் குடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை உண்டு, வாந்தி, தலைவலி, படபடப்பு வரலாம். புதுவைக்குப் போய் வருகிறவர்கள் நிறைய உள்ள வட்டாரம் என்பதால் சொல்லி வைக்கிறேன். மரத்துப்போகச் செய்யும் ஜெல் நோயைத் தொடக்கூட இல்லை. குளோர்ஹெக்சிடின் வாய்க் கொப்பளிப்பு நல்ல மருந்துதான், ஆனால் ஸ்கேலிங்குக்குத் துணையாக ஒன்றிரண்டு வாரத்துக்கு மட்டும். மாதக்கணக்கில் போட்டால் பல்லும் நாக்கும் பழுப்பாகும், ருசி கெடும். பேஸ்ட் போட்டுத் தேய்த்த உடனே கொப்பளித்தால் அதன் பலன் குறையும், அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

வீட்டு வைத்தியத்தை நான் மொத்தமாக எதிர்ப்பவன் இல்லை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் ஈறுக்கு இதம், ஒரு டம்ளருக்கு அரை ஸ்பூன் போதும். நல்லெண்ணெய்க் கொப்பளிப்பில் கெடுதல் இல்லை, ஆனால் காரை அதில் கரையாது. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பதை மறுப்பானேன், நுனியை நன்றாக மென்று பிரஷ் போலாக்கித் தேய்த்தால் பல்லின் முன்பக்கம் சுத்தமாகும். கடைவாயின் உள்பக்கத்துக்குக் குச்சி வளையாது, நோய் உட்கார்ந்திருப்பதோ அங்கேதான். உமிக்கரி, செங்கல் தூள், சாம்பல், வெறும் உப்பு ஆகியவற்றை விட்டுவிடுங்கள். ஈறு இறங்கி வெளியே வந்த வேர் மிருதுவானது, அதை இவை தேய்த்துக் குழியாக்கும். கிராம்பு எண்ணெயை அப்படியே ஈறில் வைத்து வெந்துபோய் வருபவர்களும் இருக்கிறார்கள். மற்றபடி எந்த பேஸ்ட் என்பது பெரிய விஷயமே இல்லை. ஃப்ளோரைடு இருக்கட்டும், பட்டாணி அளவு போதும், அழுக்கை எடுப்பது பிரஷ்ஷின் நார்.

அந்த நாரை வைக்கும் விதம்தான் முக்கியம். பிரஷ்ஷைப் படுக்கப் போட்டு இப்படியும் அப்படியும் இழுக்காமல், நார் பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி சாய்த்து வைத்து, இடத்தை விட்டு நகராமல் சின்னதாக அதிர்வது போல அசைக்க வேண்டும். பிறகு அடுத்த இரண்டு பல். கீழ் முன்பல்லின் பின்பக்கத்துக்கு பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடியுங்கள். இரண்டு நிமிடம், இரண்டு வேளை. ராத்திரி வேளையை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள், தூக்கத்தில் எச்சில் குறைவு. பல் இடுக்கில் சந்து இருந்தால் அதற்கென்றே குட்டி பிரஷ் மெடிக்கலில் கிடைக்கும், சந்துக்குத் தகுந்த அளவைப் பல் டாக்டரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பலாச்சுளை நாரும் முந்திரித் துணுக்கும் மாட்டுகிற பண்ருட்டிப் பக்கம் இது ஆளுக்கொன்று தேவை. குண்டூசி, ஊக்கு, ஈர்க்குச்சி வேண்டாம்.

சிகிச்சை எப்படிப் போகும் என்றால், முதலில் மேலே உள்ள காரையை எடுத்து, தேய்க்கக் கற்றுக்கொடுப்பார்கள். பை ஆழமாக உள்ள பற்களுக்கு மரப்பு ஊசி போட்டு ஈறுக்கடியில் வேரைச் சுத்தம் செய்வார்கள். இதை ஒரே நாளில் முடிக்கலாம், அல்லது வாயை நாலு பாகமாகப் பிரித்து நாலு தடவையாகவும் செய்யலாம். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து மறுபடி அந்தக் கம்பியால் அளப்பார்கள். 6 இருந்த இடம் 4க்கு வந்திருந்தால் நல்லது, ரத்தமும் நின்றிருக்கும். அப்போதும் ஆழம் குறையாத சில இடங்களுக்கு மட்டும் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் சின்ன அறுவை. எலும்பு செங்குத்தாகக் குழியாகப் போயிருந்தால் எலும்புத் தூள் வைத்துக் கொஞ்சம் மீட்கலாம், ஒரே மட்டமாகக் குறைந்திருந்தால் மீட்க முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம். லேசர் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். துணையாகப் பயன்படும், ஆனால் வேரைச் சுத்தம் செய்யும் வேலைக்கு அது மாற்று இல்லை. எல்லாம் முடிந்தபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு. இங்கேதான் பலரும் நழுவுகிறார்கள், ரத்தம் நின்றதும் வருவதில்லை, இரண்டு வருடம் கழித்து முதலிலிருந்து தொடங்குகிறோம்.

உங்கள் ஊரிலிருந்து எங்கே போகலாம் என்றால், தெற்கே சிதம்பரம் அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்றிருந்து இப்போது அரசுக் கல்லூரியாகிவிட்டது. வடக்கே புதுவை கோரிமேட்டுப் பக்கம் மகாத்மா காந்தி பட்ட மேற்படிப்பு பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஈறுக்கென்று தனிப் பிரிவு உண்டு. மாணவர்கள் செய்வார்கள், ஆசிரியர் ஒவ்வொரு கட்டத்தையும் பார்ப்பார். நேரம் எடுக்கும், அரை நாள் லீவு போட வேண்டியிருக்கும், ஆனால் அளவெடுத்து அட்டையில் எழுதும் வேலை அங்கே தப்பாது. செலவும் குறைவு. தனியார் கிளினிக் என்றாலும் பரவாயில்லை, ஈறு சிகிச்சையில் மேற்படிப்பு படித்தவர் வருகிற நாளைக் கேட்டுப் போங்கள்.

நீங்கள் கேட்ட அந்த இரண்டு பல்லை இப்போதே எடுக்க வேண்டாம். முன்னும் பின்னும் லேசாக ஆடுவது பெரும்பாலும் காப்பாற்றக்கூடியது. வேர் சுத்தம் முடிந்து மறு அளவு எடுத்தபின், பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பியால் உள்பக்கம் கட்டிவிடலாம், வெளியே தெரியாது. பல் மேலும் கீழும் அமுங்குகிற அளவுக்கு ஆடினால் மட்டும் எடுப்பதே சரி. அதற்கிடையில் ஈறு திடீரென்று உருண்டு சீழ் வைத்தால் அடுத்த நாளே காட்டுங்கள். முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாமல் போனால் பல் டாக்டரின் நேரம் கேட்டுக் காத்திருக்காமல் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

போகும்போது சுகர், பிரஷர் மாத்திரைச் சீட்டும் கடைசியாக எடுத்த எச்பிஏ1சி ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ஏதாவது சாப்பிட்டால் அதைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள் ஸ்கேலிங்குக்கு முன்பே ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டும், வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அவர்களுக்கும் சொல்லி வையுங்கள். வெறும் வயிற்றில் போக வேண்டாம். காலை டிபனையும் சுகர் மாத்திரையையும் முடித்துவிட்டு, முடிந்தால் முற்பகலிலேயே போய் உட்காருங்கள்.